பெருந்தொற்றும் மனநலமும்: சராசரிக் கணக்கில் வராதவர்கள்

2022 மார்ச் மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கை வெளியிட்டது. கொரோனா பெருந்தொற்றின் முதல் ஆண்டில் மனச்சோர்வும் பதற்ற நோயும் உலக அளவில் 25 சதவீதம் கூடிவிட்டன என்றது அந்தக் கணக்கு. ஓராண்டு கழித்து, 2023 மார்ச்சில், பிரிட்டனின் பிஎம்ஜே மருத்துவ இதழ் 137 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து வேறு முடிவைச் சொன்னது: பொதுமக்களின் மனநலத்தில் பெரிய மாற்றம் இல்லை, மனச்சோர்வு மட்டும் மிகச் சிறிய அளவில் கூடியிருக்கிறது.

இரண்டும் நம்பத்தக்க இடங்களிலிருந்து வந்தவை. அதனால்தான் குழப்பம். "ஒரு தலைமுறையே மனமுடைந்து போனது" என்பவர்கள் முதல் எண்ணைக் காட்டுகிறார்கள். "மக்கள் சமாளித்துவிட்டார்கள், பெரிதுபடுத்த வேண்டாம்" என்பவர்கள் இரண்டாவதைக் காட்டுகிறார்கள். இதில் இரண்டாவது வாதம் கூடுதல் ஆபத்தானது. சமாளித்துவிட்டார்கள் என்று ஒருமுறை எழுதிவிட்டால், சமாளிக்க முடியாதவர்களுக்கான பணமும் மருத்துவர்களும் அடுத்த நிதிநிலை அறிக்கையில் காணாமல் போய்விடும்.

பெருந்தொற்று மனதைப் பாதித்ததா என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. யாரை, எந்த வழியாக, எப்போது பாதித்தது என்று பிரித்துக் கேட்டால்தான் இந்த எண்களுக்குப் பொருள் வரும்.

அந்த எண்கள் எப்படி வந்தன?

25 சதவீதம் என்பதற்கு அடிப்படையாக இருந்தது லான்செட் மருத்துவ இதழில் 2021 அக்டோபரில் வெளியான மதிப்பீடு. 2020ஆம் ஆண்டில் வழக்கத்துக்கு மேல் 5.32 கோடி பேருக்கு மனச்சோர்வும் 7.62 கோடி பேருக்குப் பதற்ற நோயும் வந்திருக்கும் என்று அது கணித்தது. ஒவ்வொரு நாட்டிலும் வீடு வீடாகப் போய் எண்ணிய கணக்கு அன்று இது. தகுதியான தரவு கிடைத்தது 48 தரவு மூலங்களிலிருந்துதான். அவற்றில் பெரும்பகுதி பணக்கார நாடுகளைச் சேர்ந்தவை. அந்தத் தரவை வைத்து, ஒரு நாட்டில் தொற்று எவ்வளவு, மக்கள் நடமாட்டம் எவ்வளவு குறைந்தது என்ற இரண்டையும் கொண்டு மற்ற நாடுகளுக்கும் கணக்குப் போட்டார்கள்.

பிஎம்ஜே தொகுப்பு வேறு வழியில் போனது. ஒரே மக்கள் குழுவைப் பெருந்தொற்றுக்கு முன்பும் பின்பும் அளந்து, சராசரி மதிப்பெண் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தது. இங்கேயும் பெரும்பாலான ஆய்வுகள் வசதியான நாடுகளில் நடந்தவை.

ஆக, ஒன்று நோயின் எல்லையைத் தாண்டியவர்களின் எண்ணிக்கை. மற்றது எல்லாரையும் சேர்த்த சராசரி. சராசரி அசையாமல் இருக்கும்போதே எல்லையைத் தாண்டுபவர்கள் கூடலாம். சம்பளம் குறையாமல் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களுக்கும், பள்ளியில் சக மாணவர்களின் சீண்டலிலிருந்து தப்பிய பிள்ளைகளுக்கும் 2020 சற்று ஆறுதலான ஆண்டாகக்கூட இருந்திருக்கும். அவர்களுடைய ஆறுதலையும், கணவரை இழந்து கடனோடு நிற்கும் ஒரு பெண்ணின் துயரத்தையும் கூட்டி வகுத்தால் "பெரிய மாற்றம் இல்லை" என்றுதான் விடை வரும். பெண்களின் மனநலம் மட்டும் பல அளவைகளில் மோசமானதை பிஎம்ஜே தொகுப்பும் மறைக்கவில்லை. லான்செட் மதிப்பீட்டிலும் பெண்களும் இளையோரும்தான் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள்.

துயரம் எப்போது நோயாகிறது?

இந்த ஆய்வுகளில் பெரிதும் பயன்பட்ட கேள்வித்தாள்களில் ஒன்று பிஎச்கியூ-9. மொத்தம் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம் கெட்டதா, உடல் சோர்ந்து கிடந்ததா, பசி குறைந்ததா, செய்தித்தாள் படிக்கும்போதோ தொலைக்காட்சி பார்க்கும்போதோ மனம் ஒன்றவில்லையா என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 27இல் பத்தோ அதற்கு மேலோ வந்தால் மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்வார்கள்.

2020 ஏப்ரலில் திருப்பூரில் பனியன் கம்பெனி மூடிக் கிடக்க, ஊருக்குப் போக ரயிலும் இல்லாமல், வாடகை அறையில் நான்கு பேரோடு அடைந்து கிடந்த ஒரு தொழிலாளியிடம் இந்தத் தாளைக் கொடுத்தால் அவர் என்ன எழுதுவார்? தூக்கம் இல்லை, பசி இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, எதிர்காலத்தைப் பற்றி நம்பிக்கை இல்லை. எளிதாகப் பத்தைத் தாண்டிவிடுவார். அவருக்கு வந்திருப்பது நோயா, அல்லது அந்த நிலைமையில் யாருக்கும் வரக்கூடிய துயரமா? தாள் அதைச் சொல்லாது.

மருத்துவர்கள் மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. அவர்கள் முக்கியமாகப் பார்ப்பவை:

1. அறிகுறிகள் ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், இரண்டு வாரமாவது தொடர்கின்றனவா?
2. குளிப்பது, சமைப்பது, வேலைக்குப் போவது போன்ற அன்றாடக் காரியங்களே நின்றுபோகும் அளவுக்கு இருக்கின்றனவா?
3. சூழல் மாறிய பிறகும் நீடிக்கின்றனவா?

ரயில் ஓடி, ஊர் போய்ச் சேர்ந்து, வேலை கிடைத்த பின்னும் அந்தத் தொழிலாளி எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார் என்றால் அவருக்குச் சிகிச்சை வேண்டும். ஊர் போய்ச் சேர்ந்ததும் தூங்கிவிட்டார் என்றால், அவருக்கு அன்று தேவைப்பட்டது மாத்திரை அல்ல, ரயிலும் சாப்பாடும்தான். பெருந்தொற்றுக் காலத்து மனநலக் கொள்கையில் இந்தப் பாகுபாடு மிக முக்கியமானது. ரேஷன் கடையும் நிவாரணத் தொகையும் மனநல நடவடிக்கைகளே.

பாதிப்பு வந்த வழிகள்

1. அச்சமும் நிச்சயமின்மையும். எதிரி கண்ணுக்குத் தெரியவில்லை. விதிகள் வாரத்துக்கு ஒருமுறை மாறின. கைப்பேசியில் வதந்திகள் குவிந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் 2020 பிப்ரவரியிலேயே, நோய்த்தொற்றோடும் தவறான தகவல்களின் தொற்றோடும் போராட வேண்டியிருக்கிறது என்று எச்சரித்தார்.

2. தனிமைப்படுத்தல். இதற்குப் பழைய பாடம் ஒன்று உண்டு. 2003இல் சார்ஸ் என்ற சுவாச நோய் பரவியபோது கனடாவின் டொரொண்டோவில் தனிமைப்படுத்தப்பட்ட 129 பேரை ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ 29 சதவீதம் பேரிடம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த அறிகுறிகளும் 31 சதவீதம் பேரிடம் மனச்சோர்வு அறிகுறிகளும் இருந்தன. அடைந்து கிடந்த நாட்கள் கூடக்கூட அறிகுறிகளும் கூடின. சென்னையில் அடைப்புக்கு இன்னொரு முகமும் இருந்தது. தொற்று வந்த வீட்டுக் கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள். தெருமுனையில் தகரம் வைத்து அடைத்தார்கள். நோயைவிட அந்தத் தகரத்துக்கு அஞ்சிப் பரிசோதனைக்கே போகாமல் இருந்தவர்கள் உண்டு. தொற்றுத் தடுப்புக்காக வந்த ஏற்பாடு அவமானமாக மாறியபோது, தடுப்பும் கெட்டது, மனமும் கெட்டது.

3. வருமான இழப்பு. இதன் கணக்கைப் பிறகு பார்ப்போம்.

4. மது திடீரென்று நின்றது. இது பலரும் மறந்துவிட்ட அத்தியாயம். நெடுங்காலம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களில் கை நடுக்கம், வலிப்பு, இல்லாத உருவங்கள் தெரியும் குழப்பநிலை ஆகியவை வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். 2020 மார்ச் இறுதியில் கேரளத்தில் இந்த நிலையில் தற்கொலைகள் நடந்தன. மருத்துவரின் சீட்டு இருந்தால் மது வழங்கலாம் என்று கேரள அரசு உத்தரவிட்டது. ஏப்ரல் 2ஆம் தேதி உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடைகளை மே மாதம் திறப்பதா மூடுவதா என்ற விவாதம் நாள்கணக்கில் நடந்தது. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் குடிநிறுத்தச் சிகிச்சைக்கான மாத்திரை இருக்கிறதா என்ற கேள்விதான் முதலில் எழுந்திருக்க வேண்டும்.

5. நடந்துகொண்டிருந்த சிகிச்சை அறுந்தது. உலக சுகாதார நிறுவனம் 130 நாடுகளில் எடுத்த கணக்கெடுப்பில், 93 சதவீத நாடுகளில் முக்கியமான மனநலச் சேவைகள் தடைப்பட்டோ நின்றோ போயிருந்தன. மாதம் ஒருமுறை மாவட்ட மருத்துவமனைக்கு பஸ் ஏறிப்போய் மாத்திரை வாங்கிவந்த மனச்சிதைவு நோயாளிக்கு, பஸ்ஸும் இல்லை, மாவட்டம் தாண்ட இ-பாஸும் இல்லை என்றால் என்ன ஆகும்? சில வாரங்களில் நோய் திரும்பும். அதைத் தாங்க வேண்டியது ஒற்றை அறை வீட்டில் அடைந்திருக்கும் குடும்பம்.

6. கிருமியின் நேரடித் தாக்கம். பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்த, தொற்றிலிருந்து மீண்ட 2,36,379 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அடுத்த ஆறு மாதங்களுக்குள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏதாவது ஒரு நரம்பியல் அல்லது மனநலக் கோளாறு பதிவாகியிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்களிடம் இன்னும் அதிகம். "காய்ச்சல் போய்விட்டதே, இன்னும் என்ன மந்தம்" என்று வீட்டில் திட்டு வாங்கிய பலர் உண்மையிலேயே நோயின் எச்சத்தைச் சுமந்துகொண்டிருந்தார்கள்.

அழ இடமில்லாத சாவு

மேலே சொன்ன பட்டியலில் சேர்க்காமல் இதைத் தனியாக எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. ஒரு சாவுக்குப் பின் நெருங்கிய உறவில் ஏறத்தாழ ஒன்பது பேர் துக்கத்தில் நிற்கிறார்கள் என்று அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 2020இல் கணக்கிட்டார்கள். குடும்பங்கள் பெரிதாக உள்ள நம் நாட்டில் அந்த எண் இன்னும் கூடும். மற்ற பாதிப்புகளில் பல, ஊரடங்கு தளர்ந்தபோது தளர்ந்தன. இது தளரவில்லை.

நம் ஊரில் ஒரு சாவு விழுந்தால் என்ன நடக்கும்? சொல்லி அனுப்புவார்கள். உடலைக் குளிப்பாட்டி, நடுவீட்டிலோ வாசல் பந்தலிலோ கிடத்துவார்கள். பெண்கள் தோள் சேர்ந்து ஒப்பாரி வைப்பார்கள். துக்கம் விசாரிக்க வருபவர் ஒவ்வொருவரும் "எப்படி ஆனது?" என்று கேட்பார், வீட்டார் அதே கதையை முப்பது நாற்பது முறை திரும்பத் திரும்பச் சொல்வார்கள். கேட்பவருக்குப் பதில் தேவையில்லை. சொல்பவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நடந்ததை நம்ப மறுக்கும் மனம், சொல்லிச் சொல்லித்தான் அதை ஏற்கிறது. பதினாறாம் நாள் காரியம், முஸ்லிம்கள் வீட்டில் நாற்பதாம் நாள், கிறிஸ்தவர்கள் வீட்டில் நினைவுத் திருப்பலி என்று அந்த ஏற்புக்கு ஒரு காலவரிசையும் உண்டு.

பெருந்தொற்றில் இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அறுந்தது. மருத்துவமனை வாசலில் கடைசியாகப் பார்த்த முகம். பிறகு ஒரு தொலைபேசி அழைப்பு. பிறகு பிளாஸ்டிக் உறைக்குள் கட்டிய உடல். மத்திய சுகாதாரத் துறை 2020 மார்ச்சில் வெளியிட்ட நெறிமுறை உண்மையில் அவ்வளவு கடுமையானதன்று. ஊழியர் உறையைத் திறந்து முகத்தைக் காட்டலாம், உடலைத் தொடாத சடங்குகளைச் செய்யலாம், அஸ்தியைச் சேகரிப்பதில் ஆபத்து இல்லை என்று அது சொன்னது. நடைமுறையில் அச்சமும் நெருக்கடியும் பல இடங்களில் அந்த அனுமதியைக்கூட விழுங்கிவிட்டன. 2020 ஏப்ரலில் சென்னையில் தொற்றால் இறந்த ஒரு நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கும்பல் கல்லெறிந்து விரட்டியது. அடக்கத்தைத் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று அதே மாதத்தில் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

2021 மே மாதம் இப்படி விடைபெற முடியாத சாவுகள் ஊருக்கு ஊர் நடந்தன. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. ரெம்டெசிவிர் மருந்துக்காகக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் மக்கள் இரவெல்லாம் காத்திருந்தார்கள். அந்த வரிசையில் நின்று, மருந்து கிடைக்காமல் அல்லது கிடைத்தும் பயனில்லாமல் தந்தையை இழந்த மகனுக்குத் துக்கத்தோடு குற்ற உணர்வும் ஒட்டிக்கொண்டது. "வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தால்?" "நான்தானே வெளியே போய்க் கிருமியைக் கொண்டுவந்தேன்?" இந்தக் கேள்விகளைத் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் யாராவது தணித்திருப்பார்கள். வர அனுமதி இல்லை.

துக்கம் தானே ஒரு நோய் அன்று. ஆனால் சிலருக்கு அது நகராமல் உறைந்துவிடும். அதை நீடித்த துக்கக் கோளாறு என்று மருத்துவ உலகம் இப்போது தனியாக வகைப்படுத்துகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் அது உண்டு. இறந்தவருக்கான ஏக்கம் ஆறு மாதத்துக்கு மேலும் குறையாமல், அன்றாட வாழ்க்கையை முடக்கினால் அதைக் கவனிக்க வேண்டும் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு பெரியவர்களுக்கு ஓராண்டு என்று வைத்திருக்கிறது. திடீர் மரணம், கடைசியில் பார்க்க முடியாமை, சடங்கு இல்லாமை, குற்ற உணர்வு, பக்கத்தில் ஆள் இல்லாமை: இந்த நிலைக்குத் தள்ளக்கூடியவை இவை. பெருந்தொற்றுச் சாவில் இவை அனைத்தும் ஒரே நாளில் ஒரே வீட்டுக்கு வந்தன.

இதற்கு மேலே சான்றிதழ்ச் சிக்கல். பலருடைய இறப்புச் சான்றிதழில் கொரோனா என்ற சொல்லே இல்லை. கொரோனாவால் இறந்தவர்களின் குடும்பத்துக்கான 50,000 ரூபாய் கருணைத் தொகையைப் பற்றிய வழக்கில், பரிசோதனையில் தொற்று உறுதியான 30 நாட்களுக்குள் இறந்தால் அதைக் கொரோனா மரணமாகவே கொள்ள வேண்டும் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பணத்துக்காக மட்டும் அந்தத் தாளுக்காக மக்கள் அலையவில்லை. தன் மனைவி எதனால் செத்தாள் என்பதை அரசு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கேட்பதும் துக்கத்தின் பகுதிதான்.

பாதிப்பு ஏன் தாமதமாக வந்தது?

முதல் சில மாதங்களில் தற்கொலைகள் கூடவில்லை. 21 நாடுகளின் தரவைப் பார்த்த ஓர் ஆய்வு 2021இல் இதை உறுதிப்படுத்தியது. சில இடங்களில் குறைந்தும் இருந்தது. ஜப்பானில் நடந்தது இதை விளக்கும். பெருந்தொற்றின் முதல் ஐந்து மாதங்களில் அங்கே தற்கொலை விகிதம் 14 சதவீதம் குறைந்தது. அதன்பின் 2020 ஜூலை முதல் அக்டோபர் வரை 16 சதவீதம் கூடியது. பெண்களிடம் 37 சதவீதம், சிறார்களிடம் 49 சதவீதம். 2021 பிப்ரவரியில் ஜப்பான் அரசு தனிமைப் பிரச்சினைக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தது.

பொது ஆபத்து வந்ததும் மனிதர்கள் ஒன்று சேர்கிறார்கள். அரசு உதவி வருகிறது. வேலை நெருக்கடியும் பள்ளி நெருக்கடியும் ஓய்கின்றன. சேமிப்பு கரைந்து, உதவி நின்று, மற்றவர்கள் பழைய வாழ்க்கைக்குத் திரும்பும்போது, திரும்ப முடியாதவர் தனியாகிறார். ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது.

இந்தியாவின் எண்கள் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்திடம் உள்ளன. 2019இல் 1,39,123 தற்கொலைகள், 2020இல் 1,53,052, 2021இல் 1,64,033, 2022இல் 1,70,924. இவை காவல் நிலையப் பதிவுகள். பதிவாகாதவை இருக்கும், கூடியது முழுவதற்கும் பெருந்தொற்றையே காரணமாக்கவும் முடியாது. ஆனால் உள்ளே ஒரு வரி கண்ணை உறுத்துகிறது: தினக்கூலிகள். 2019இல் 32,563 பேர்; 2020இல் 37,666; 2021இல் 42,004. நான்கில் ஒருவர். சராசரியை மட்டும் பார்த்தவர்கள் தவறவிட்டது இவர்களைத்தான். வசதியான நாடுகளின் கேள்வித்தாள் எதுவும் இவர்கள் கையில் போய்ச் சேரவில்லை.

பிள்ளைகளின் பாதிப்பு இன்னும் நீண்டு வெளிப்படும். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2020 மார்ச்சில் மூடப்பட்டு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வைப்புத்தொகை என்று மாநில அரசு அறிவித்தது நல்ல காரியம். ஆனால் இழப்பின்போது ஐந்து வயதாக இருந்த பிள்ளை அதை முழுதாகப் புரிந்துகொள்வது பத்துப் பன்னிரண்டு வயதில். அதாவது இப்போது. திடீரென்று படிப்பில் பின்தங்குவது, காரணமில்லாக் கோபம், வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுப்பது ஆகியவற்றை ஆசிரியர்கள் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

மருந்தில்லாத இடத்தில் வந்த வெள்ளம்

பெருந்தொற்றுக்கு முன்பே நிலைமை நன்றாக இல்லை. பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், இந்தியப் பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், 25 சதவீதம் கூடியதா ஐந்து சதவீதம் கூடியதா என்று சண்டை போடுவதில் பயனில்லை. பழைய கடனே அடைபடாமல் இருக்கிறது.

2022 அக்டோபர் 10ஆம் தேதி மத்திய அரசு மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. பெருந்தொற்று விட்டுச்சென்ற உருப்படியான விளைவுகளில் அது ஒன்று. ஆனால் தொலைபேசியில் பேசிய பின் நேரில் போக ஓர் இடம் வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வாரத்தில் எந்த நாள் எந்த ஊருக்கு வருகிறார் என்பது அந்த ஊர்க்காரருக்கே தெரியாமல் இருக்கும் வரை, திட்டம் காகிதத்தில்தான் இருக்கிறது.

அடுத்த தொற்று வரும் முன் எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவை என்று இவற்றைச் சொல்வேன்:

1. இறக்கும் தறுவாயில் உள்ளவரை, பாதுகாப்பு உடையோடு ஒருவராவது பார்க்க அனுமதி. இது சலுகையாக இல்லாமல் நெறிமுறையாக இருக்க வேண்டும்.
2. மனநல மாத்திரைகளை மூன்று மாதத்துக்கு மொத்தமாகக் கொடுப்பது, வீட்டுக்கே கொண்டுசேர்ப்பது. சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் செய்வதை இதற்கும் விரிக்கலாம்.
3. மதுக்கடையை மூடும் உத்தரவோடு குடிநிறுத்தச் சிகிச்சைக்கான உத்தரவும் ஒரே நாளில் வர வேண்டும்.
4. தினக்கூலிகளுக்கான பண உதவி முதல் வாரத்திலேயே தொடங்கி, ஊரடங்கு தளர்ந்த பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். ஆபத்து தாமதமாக வருகிறது என்பதால் உதவியும் அதுவரை நீள வேண்டும்.

எப்போது உதவி தேட வேண்டும்?

இழப்பு நடந்து ஆண்டுகள் ஆகியும் இறந்தவரின் அறையைத் திறக்க முடியாமல் இருப்பது, அவர் பெயர் வந்தாலே பேச்சை மாற்றுவது, "நானும் போயிருக்கலாம்" என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருவது, தூக்கத்துக்காகக் குடிக்கத் தொடங்கியிருப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் பேசலாம். உறைந்த துக்கத்துக்கென்றே பேச்சுவழிச் சிகிச்சை முறைகள் உள்ளன. பலருக்கு அவை பலன் தருகின்றன. டெலி மானஸ் எண் 14416; நாள் முழுவதும், கட்டணம் இல்லாமல், தமிழிலும் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும்.